தெரபிஸ்ட்டிடம் "எனக்கு இப்படி வேண்டும்" என்று கேட்கலாமா?

இந்த முறை வந்த கடிதம் நீளமானது. எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 34. ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோய், இருபது நிமிடம் தனியாக உள்ளே மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து லிஃப்ட் என்றாலே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவோமோ என்று தோன்றுகிறது. மருத்துவர் இதயத்தைப் பரிசோதித்துவிட்டு, கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். அலுவலகம் ஒன்பதாவது மாடியில். தினமும் படியேறுகிறார். வியர்வை அடங்க நேரம் வேண்டும் என்பதற்காக அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுகிறார். யாராவது கேட்டால் "எக்சர்சைஸ்" என்று சிரித்துவிடுகிறார். இப்போது குளியலறைக் கதவையும் தாழ் போடாமல் விடுகிறாராம்.

ஒரு தெரபிஸ்ட்டிடம் ஏழு செஷன் போயிருக்கிறார். அவர் ஆண், வயதில் மூத்தவர், அன்பானவர். ஆனால் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேச்சு சின்ன வயது, அப்பா, அம்மா என்று போகிறது. இவருக்கு வேண்டியதோ "இதைச் செய்யுங்கள்" என்று யாராவது பயிற்சி சொல்லித் தருவது. பதிவு செய்யும்போது பெண் தெரபிஸ்ட் கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. ஆறாவது செஷனில் அவர், "கீழ லிஃப்ட் இருக்கு, ரெண்டு பேரும் போய்ச் சும்மா நின்னு பார்க்கலாமா?" என்று கேட்டபோது, "அது மட்டும் வேண்டாம் சார்" என்றிருக்கிறார். அவரும் விட்டுவிட்டார். ஒவ்வொரு செஷன் முடிவிலும் "இன்னைக்கு எப்படி இருந்தது?" என்று அவர் கேட்பதும், இவர் "ரொம்ப நல்லா இருந்தது சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வருவதும் வழக்கமாகிவிட்டது.

"டாக்டரிடம் போய் எனக்கு இந்த மாத்திரையைத்தான் கொடுக்க வேண்டும் என்று கேட்போமா? அப்படியிருக்க, தெரபியில் எனக்கு இப்படி வேண்டும் என்று கேட்பது தப்புதானே? என் தோழி, கேட்டதைச் செய்யாதவர் நல்ல தெரபிஸ்ட்டே இல்லை, மாற்றிவிடு என்கிறாள். யாரையும் புண்படுத்த எனக்கு மனமில்லை. பேசாமல் புதன்கிழமை செஷனுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று பார்க்கிறேன்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

"ரொம்ப நல்லா இருந்தது சார்" என்பதிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு அது உறுத்துகிறது என்று தெரிகிறது. கடிதத்தில் மூன்று இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். இதில் நீங்கள் தனியாள் இல்லை. 2016இல் பிளான்சார்ட், ஃபார்பர் என்ற இரு ஆய்வாளர்கள், தெரபிக்குப் போன 547 பேரிடம் தெரபிஸ்ட்டிடம் பொய் சொன்னதுண்டா என்று கேட்டார்கள். 93 சதவீதம் பேர் ஏதோ ஒரு விஷயத்திலாவது உண்டு என்றார்கள். தெரபியைப் பற்றியே பொய் சொன்னவர்கள் மட்டும் 70 சதவீதத்துக்கு மேல். தெரபிஸ்ட் சொன்னது பிடித்ததுபோலக் காட்டிக்கொள்வது, பலன் தெரிகிறது என்று நடிப்பது எல்லாம் அதில் அடக்கம். எதிரே உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற தெரபிஸ்ட்கள் அதை நம்பிக்கொண்டும் இருக்கிறோம், அதுதான் வேடிக்கை.

மாத்திரை உதாரணம் இங்கே சரிவராது

மாத்திரை, அதைக் கொடுத்தவரை உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வயிற்றுக்குள் போய் வேலையைப் பார்க்கும். தெரபியில் வேலை செய்பவர் நீங்கள்தான். நீங்கள் மனம் வைக்காத ஒரு முறை, ஆய்வுகளில் எவ்வளவு நல்ல பெயர் வாங்கியிருந்தாலும், அந்த அறைக்குள் ஒன்றும் செய்யாது. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இலேயே சொன்ன விஷயம் இது. எதை நோக்கிப் போகிறோம், அதற்காக என்ன செய்கிறோம் என்ற இரண்டிலும் இருவரும் ஒத்துப்போக வேண்டும், இருவருக்கும் நடுவே ஒரு பிணைப்பும் வேண்டும், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் தெரபியில் உறவு என்றார் அவர். உங்கள் கதையில் மூன்றாவது இருக்கிறது, அவர் அன்பானவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். இடறுவது இரண்டாவதில்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. சான்று அடிப்படையிலான உளவியல் சிகிச்சை என்றால் என்ன என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2005இல் வரையறுத்தபோது, ஆய்வுச் சான்று, சிகிச்சை தருபவரின் தேர்ச்சி ஆகியவற்றோடு, சிகிச்சைக்கு வருபவரின் இயல்பையும் பண்பாட்டையும் விருப்பங்களையும் சேர்த்தே சொன்னது. அதாவது, உங்கள் விருப்பத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவருடைய தொழிலின் பாகம். ஜோஷுவா ஸ்விஃப்ட்டும் சகாக்களும் 2018இல் 53 ஆய்வுகளை, 16,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். விரும்பியபடி சிகிச்சை அமைந்தவர்களுக்குப் பலன் சற்றுக் கூடுதலாக இருந்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெளிவாகத் தெரிந்த வித்தியாசம். பாதியில் நிற்பதில்தான் வேறுபாடு பெரிது: விருப்பம் கவனிக்கப்படாதவர்கள் நடுவில் விட்டுவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. புதன்கிழமை நீங்கள் செய்ய நினைப்பது அதைத்தான்.

உங்கள் விருப்பம் அபூர்வமானதும் இல்லை. தெரபிஸ்ட் வழிநடத்த வேண்டும், என்ன செய்வது என்று சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பொதுமக்களிடம் அதிகம். மனநலத் துறையில் இருப்பவர்களோ, தாங்கள் சிகிச்சைக்குப் போனால் உணர்ச்சிகளுக்குள் ஆழமாக இறங்குவதை அதிகம் விரும்புகிறார்கள். மிக் கூப்பர், ஜான் நார்க்ராஸ் குழுவினர் 2019இல் இரு தரப்பையும் ஒப்பிட்டபோது கண்டது இது. ஆக, நல்ல தெரபிஸ்ட்கூட, தனக்குப் பிடித்ததுதான் எதிரில் இருப்பவருக்கும் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு நடத்திவிடலாம்.

நானும் இதில் தவறியிருக்கிறேன். ஒருவர் வாரா வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வருவார். மடியில் வைத்துக்கொள்வார், மேலே பேனா செருகியிருக்கும், பிரிக்க மாட்டார். நான்கு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே அவர் மனதைப் பற்றி ஏதேதோ கேட்டேன். அந்த நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தாவது வாரம் வேலை அதிகம் என்று செய்தி வந்தது. ஒரு வருடம் கழித்து வேறு விஷயமாக வந்தபோதுதான் சொன்னார்: "ஏதாவது எழுதிட்டு வரச் சொல்வீங்கன்னு நினைச்சேன் மேடம்." எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

பெண் தெரபிஸ்ட் வேண்டும் என்பது

நியாயமான கோரிக்கை. இதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட உங்களுக்கு இல்லை. ஆனால் "பெண் என்றால்தான் புரிந்துகொள்வார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். தன்னைப் போன்றவரே வேண்டும் என்ற விருப்பமும், அவரால் கிடைக்கும் பலனும் எப்போதும் சேர்ந்து போவதில்லை. தெரபிஸ்ட் தன் இனத்தவராக இருக்க வேண்டும் என்ற விருப்பத்தைப் பற்றிய ஆய்வுகளை கேப்ரல், ஸ்மித் இருவரும் 2011இல் தொகுத்தார்கள். விருப்பம் கணிசமாக இருந்தது, சிகிச்சையின் முடிவில் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. அது இனத்தைப் பற்றியது, பாலினத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ளத் தகுந்தது.

உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவர் ஆண் என்பதால் இந்த ஏழு செஷனில் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா? உண்டு என்றால் மாற்றிக்கொள்வதற்கு அது போதும், யோசிக்கவே வேண்டாம். இல்லை என்றால், உங்களுக்கு இப்போது குறைவது பெண் தெரபிஸ்ட்டா, பயிற்சி தரும் தெரபிஸ்ட்டா என்று பிரித்துப் பாருங்கள். பெண்ணாக இருந்தும் சின்ன வயதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பவர் அமைந்தால் மறுபடி இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

"அது மட்டும் வேண்டாம் சார்"

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் இது கண்ணில் பட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பயிற்சி வேண்டும் என்கிறீர்கள். அவர் ஒரு பயிற்சியைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்றுவிட்டீர்கள்.

லிஃப்ட் பயத்துக்குப் பயிற்சி என்றால், சுற்றி வளைத்து எங்கே போனாலும், ஒருநாள் லிஃப்ட் வாசலில்தான் வந்து நிற்கும். மூச்சுப் பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும் துணைக்கு வரலாம், அவ்வளவுதான். இந்த வகைப் பயத்துக்கு மிக வலுவான சான்று இருப்பது, பயப்படும் இடத்தைப் படிப்படியாக நேருக்கு நேர் சந்திக்கும் முறைக்கு. குறிப்பிட்ட ஒரு பொருள் அல்லது இடத்தைப் பற்றிய பயத்தை, மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே செஷனில் குணப்படுத்தும் முறையை ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1989இலேயே எழுதினார். உங்களுக்கு அத்தனை அவசரம் தேவையில்லை.

விருப்பத்தையும் பயத்தையும் பிரித்தறிய நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். விருப்பம் நிறைவேறினால் அதோடு அடங்கிவிடும். பெண் தெரபிஸ்ட் கிடைத்தால் அந்தப் பேச்சு முடிந்துவிடும். பயம் கேட்டதைக் கொடுத்தால் அடுத்ததைக் கேட்கும். முதலில் அந்த ஒரு லிஃப்ட், அப்புறம் எல்லா லிஃப்ட்டும், இப்போது குளியலறைத் தாழ்ப்பாள். லிஃப்ட்டில் போகாமல் படியேறிய ஒவ்வொரு நாளும், "நல்லவேளை, தப்பித்தோம்" என்று உங்கள் உடம்பு கற்றுக்கொண்டது. உள்ளே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கவே இல்லை.

உங்கள் தோழியிடம் இதைச் சொல்லுங்கள்: கேட்டதையெல்லாம் செய்கிற தெரபிஸ்ட், உங்கள் பயம் கேட்பதையும் சேர்த்தே செய்துவிடுவார்.

அதற்காக, மறுத்தது உங்கள் தப்பு என்று சொல்லவில்லை. உங்கள் தரப்பை மட்டும் வைத்துச் சொல்கிறேன், அவர் கேட்ட விதம் திடீரென்று இருந்திருக்கிறது. ஏன் போக வேண்டும், உள்ளே என்ன செய்வோம், பயம் வந்தால் என்ன, எப்போது வெளியே வரலாம் என்று எதையும் விளக்கியதாக நீங்கள் எழுதவில்லை. விளக்கம் இல்லாமல் கேட்டால் யாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் மறுத்தபின் அவர் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் மறுபடி சின்ன வயதுக்கே போய்விட்டார் என்று தோன்றுகிறது.

முறையாகச் செய்தால் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதல் நாள் லிஃப்ட்டுக்குள் போவதே இல்லை. எதிரே நின்று கதவு திறந்து மூடுவதைப் பார்க்கிறீர்கள். அடுத்து, அவர் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருக்க, உள்ளே ஒரு காலை வைத்து எடுக்கிறீர்கள். பிறகு இருவருமாக ஒரே ஒரு மாடி. பிறகு அவர் மேலே காத்திருக்க, நீங்கள் தனியாக ஒரு மாடி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் "என்ன ஆகும் என்று பயப்படுகிறேன்" என்பதை ஒரு வரியில் எழுதுவீர்கள். "மூச்சு நின்றுவிடும்" என்று எழுதியிருப்பீர்கள். வெளியே வந்ததும், உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதுவீர்கள். லிஃப்ட் காற்றுப் புகாத பெட்டி இல்லை. பேனிக் அட்டாக்கும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். இதையெல்லாம் நான் இங்கே எழுதினால் தலைக்குத்தான் போகும். உடம்பு நம்ப வேண்டுமானால் அந்த இரண்டாவது வரியை உங்கள் கையாலேயே எழுத வேண்டும். கையில் தண்ணீர் பாட்டிலும் போனும் இறுக்கிப் பிடித்திருந்தால், ஒரு கட்டத்தில் அவற்றையும் வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். இல்லாவிட்டால் காப்பாற்றியது பாட்டில்தான் என்று ஆகிவிடும்.

இந்த ஏணியில் படிகள் எத்தனை, எது முதலில், எவ்வளவு மெதுவாக என்பதெல்லாம் உங்கள் விருப்பம். உங்கள் சம்மதம் இல்லாமலோ, ஏமாற்றியோ எந்தப் படியிலும் யாரும் ஏற்றக்கூடாது. ஏணியே வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அதற்குப் பதிலாக எதைத் தொடர்ந்து இழக்கிறீர்கள் என்பது தெரிந்து சொல்லுங்கள்.

சொல்லாமல் நின்றுவிடுவது

"போகாவிட்டால் அவருக்கே புரிந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். புரியாது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சையில் இருந்த 550 பேரில் யார் யாருக்கு நிலைமை மோசமாகும் என்று அவர்களுடைய தெரபிஸ்ட்களையே கணிக்கச் சொன்னார்கள். மூன்று பேருக்கு என்றார்கள். உண்மையில் மோசமானது 40 பேருக்கு. உங்களைப் போல "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு வருபவரைப் பற்றி எங்கள் கணிப்பு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வராமல் போனால், சரியாகிவிட்டது போல என்றுகூட அவர் நினைத்துக்கொள்ளலாம்.

ஐந்தில் ஒருவர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார் என்பது பல ஆய்வுகளின் சராசரி. விடுவது குற்றம் இல்லை. உங்கள் விஷயத்தில் எனக்குள்ள கவலை வேறு. பிடிக்காத இடத்திலிருந்து சத்தமில்லாமல் விலகிவிடுவதுதான் லிஃப்ட்டிலும் நீங்கள் செய்வது. புதிய தெரபிஸ்ட்டிடம் போனாலும் இதே ஏழாவது செஷன் அங்கேயும் வரும்.

எப்படிச் சொல்வது

புண்படுவாரே என்ற பயம் வேண்டாம். இந்த மாதிரி உரசல்களும், அவற்றைப் பேசிச் சரிசெய்வதும் தெரபியில் சாதாரணம். இதற்கென்றே தெரபிஸ்ட்களுக்குப் பயிற்சி இருக்கிறது. செஷன் தொடங்கியதுமே சொல்லிவிடுங்கள், கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்திருந்தால் மறுபடி "நல்லா இருந்தது சார்" வந்துவிடும். இப்படி இருக்கலாம்:

"சார், நான் ஒரு விஷயம் சொல்லணும். நல்லா இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன், முழுசா நிஜம் இல்ல. எனக்குப் பயிற்சி மாதிரி ஏதாவது வேணும். வீட்டுல செய்ய ஹோம்வொர்க் இருந்தா நல்லா இருக்கும். சின்ன வயசு விஷயம் இந்தப் பயத்துக்கு எப்படி உதவும்னு சொல்லுங்க. அன்னைக்கு லிஃப்ட் வேண்டாம்னு சொன்னது பயத்துல. மெதுவா, எனக்கு விளக்கிட்டுச் செஞ்சா யோசிக்கிறேன்."

சின்ன வயது பற்றிய கேள்வியைக் கேட்கும்போது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். அவருக்கு ஒரு காரணம் இருக்கலாம், அதை நீங்கள் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

என்ன கேட்பது என்று குழப்பமாக இருந்தால், கூப்பரும் நார்க்ராஸும் 2016இல் வெளியிட்ட 18 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது. அது நான்கு விஷயங்களைக் கேட்கிறது. தெரபிஸ்ட் வழிநடத்த வேண்டுமா, நீங்கள் நடத்த வேண்டுமா? உணர்ச்சிகளுக்குள் ஆழமாகப் போக வேண்டுமா, அளவோடு போதுமா? பழையதைப் பேச வேண்டுமா, இன்றையதையா? ஆதரவு வேண்டுமா, எதிர்க்கேள்வி கேட்டுத் தூண்டுபவர் வேண்டுமா? கடிதத்தைப் படித்தவரையில் முதல் மூன்றுக்கும் உங்கள் பதில் எனக்குத் தெரிகிறது. நான்காவதுக்குத் தெரியவில்லை, நீங்களும் யோசித்திருப்பீர்களா என்பது சந்தேகம்தான்.

அவர் என்ன பதில் சொல்லலாம்? "சரி, மாற்றிக்கொள்வோம்" என்றால் மூன்று நான்கு செஷன் கொடுத்துப் பாருங்கள். "இந்த முறையில் எனக்குப் பயிற்சி இல்லை" என்றால் அது நேர்மையான பதில். தேர்ச்சி இல்லாததை உங்களுக்காக முயன்று பார்ப்பதைவிட, அதைச் செய்பவரிடம் அனுப்புவதுதான் அவர் கடமை. இதுவரை நடந்ததைச் சுருக்கமாக எழுதித் தரும்படி கேளுங்கள், புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. அப்போது பெண் தெரபிஸ்ட் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம். முகம் சுளித்தால், அல்லது இப்படிக் கேட்பதே உங்கள் நோய் என்று சொன்னால், தோழி சொன்னபடி மாற்றிவிடுங்கள், எனக்கும் மறுப்பில்லை.

கடைசியாக, அந்த வரிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம், பார்த்தே படிக்கலாம். அவர் அது என்ன தாள் என்று கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். நான் கேட்கவில்லையே. உட்கார்ந்ததும் நீங்களே பிரித்துவிடுங்கள்.